கொடிக்காலில் ஏறிய குளிர்

ஜுல்பிகரைப் பழைய சாமான் வியாபாரி என்று யாராவது சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். மதுரை காஜிமார் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அவனுடைய கடையில் குத்துவிளக்கோ கிராமபோனோ கிடையாது. அளக்கிற கருவிகள் மட்டும்தான். தராசு, திசைகாட்டி, காற்றழுத்தமானி, எல்லாவற்றையும் விட அதிகமாகத் தெர்மாமீட்டர்கள். வெள்ளைக்கார டாக்டர்கள் வெள்ளிக் கூட்டில் போட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொண்டவை, பால் காய்ச்சும்போது மிதக்கவிட்டவை, மில் பாய்லரின் வயிற்றில் முழங்கை மாதிரி மடங்கி நின்றவை. வாங்கி வந்ததும் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்ப்பான். தப்பாகக் காட்டுகிற கருவியை வெறும் அழகுக்காக விற்க மாட்டான். அதனால் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிருக்கும் கறிக்கும் நடுவே கண்ணாடிக் குழாய்கள் கிடப்பதை அவன் மனைவி ரூபினா பொறுத்துக்கொண்டிருந்தாள்.

சித்திரைத் திருவிழாக் கூட்டம் வடிந்து கத்திரி வெயில் பிடித்துக்கொண்ட சமயத்தில் சோழவந்தானிலிருந்து அழகுராஜா போன் செய்தார். அந்தப் பக்கத்து வீடுகளில் பழைய பொருள் எது இருந்தாலும் மோப்பம் பிடித்துச் சொல்கிற புரோக்கர் அவர். வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றுக்குள் கல்தூணில் ஒரு பெரிய தெர்மாமீட்டர் தொங்குகிறது, தோட்டக்காரர் கொடுக்கச் சம்மதிக்கிறார், உடனே வந்தால் நல்லது என்றார். ஜுல்பிகர் தன் ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

தோட்டக்காரர் பெயர் சோலை. ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். கொடிக்காலுக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஜுல்பிகரும் கழற்றிப் போட்டுவிட்டு வாய்க்கால் சேற்றில் அவருக்குப் பின்னால் நடந்தான். இரண்டு பக்கமும் அகத்தி மரங்கள், அவற்றில் சுற்றி ஏறிய கொடிகள். வெளியே கண்ணைக் கூசவைத்த வெயில் உள்ளே வந்ததும் பச்சையாக மங்கிப்போனது. கால் ஜில்லென்றது. இதமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

தோட்டத்தின் நடுவில் அந்தத் தூண் நின்றது. சோலையின் அப்பா காலத்தில் வெற்றிலை நோய் பற்றி ஆராய வந்த யாரோ மாட்டிவிட்டுத் திரும்பி வராமலே போய்விட்டார்களாம். தேக்குப் பலகையில் பீங்கான் தகடு, பாரன்ஹீட் எண்கள், யூ வடிவத்தில் வளைந்த கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் பாதரசம். பாதரசத்தின் இரு முனைகளிலும் மயிரிழை மாதிரி ஒவ்வொரு எஃகு ஊசி. சூடு கூடினால் வலது ஊசி மேலே தள்ளப்படும். குளிர் கூடினால் இடது ஊசி மேலே ஏறும்; அந்தப் பக்கத்தில் எண்கள் தலைகீழாக, மேலே போகப் போகக் குறையும். பாதரசம் பிறகு இறங்கினாலும் ஊசி ஏறிய இடத்திலேயே நின்றுவிடும். யாரும் பார்க்காத வேளையில் எவ்வளவு சூடு வந்து போனது, எவ்வளவு குளிர் வந்து போனது என்பதை அது பிடித்து வைத்துக்கொள்ளும். காந்தத்தால் இழுத்தால்தான் ஊசி கீழே வரும். அந்தக் காந்தமும் ஒரு கயிற்றில் கட்டித் தூணிலேயே தொங்கியது.

ஜுல்பிகர் கைவைப்பதற்கு முன் வழக்கம்போல் ஒரு போட்டோ எடுத்தான். வலது ஊசி கோடை வெயிலுக்குத் தகுந்த இடத்தில் நின்றது. இடது ஊசி முப்பத்தொன்பதில் நின்றது. முப்பத்தொன்பது என்றால் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற குளிர். மதுரைப் பக்கத்தில் மார்கழி விடியலில்கூட அப்படி வராது. அவன் சிரித்துவிட்டான்.

“அது பழுது பாய். அது பாட்டுக்கு ஏறி நிக்கும்” என்றார் சோலை.

பழுது என்றால் விலை குறையும் என்று ஜுல்பிகர் சொன்னான். அவர் பேரம் பேசவில்லை. எழுமலையில் மகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது, மனைவி துணைக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் இதை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய பேச்சாக இருந்தது. வீட்டுக்காரிக்குத் தெரியாமல் பொருளை விற்கிறவர்களை ஜுல்பிகர் நிறையப் பார்த்திருக்கிறான். கேள்வி கேட்கவில்லை.

வீட்டில் ஊசிகளைக் காந்தத்தால் இறக்கிவிட்டு, இன்னொரு தெர்மாமீட்டரோடு சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்தான். வெளியே எடுத்தபோது இரண்டும் ஒன்றையே காட்டின. மொட்டை மாடி வெயிலில் வைத்தான். அங்கேயும் அப்படியே. மறுபடி மறுபடி செய்து பார்த்தும் அந்தப் பழைய கருவி ஒரு இழைகூடப் பிசகவில்லை. இவ்வளவு சரியாகக் காட்டுகிற ஒன்றை அவன் வாங்கியே வெகுநாளாகியிருந்தது.

ஆனால் அவன் சந்தோஷப்படவில்லை. போனில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தான். கை படாமல், ஆடாமல், தூணில் தொங்கிக்கொண்டிருந்தபோது எடுத்த படம். ஊசி முப்பத்தொன்பதில்தான் நின்றது. ரூபினாவிடம் காட்டினான். அவள் சிறிது நேரம் பார்த்துவிட்டு, கருவி பொய் சொல்லவில்லை என்றால் அந்த இடத்தில் அவ்வளவு குளிர் வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்டாள். அவன் அதை விற்பனைக்கு வைக்காமல் கடைச் சுவரிலேயே மாட்டி வைத்தான். அங்கே அது ஒழுங்காக இருந்தது.

ஒரு காலையில் அவன் கடை திறந்துகொண்டிருக்கும்போதே ஒரு அம்மாள் வந்து நின்றாள். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நேராகச் சுவரைப் பார்த்தாள். தெர்மாமீட்டர் அங்கே இருப்பதைக் கண்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள்தான் சோலையின் மனைவி, முத்துத்தாய். எழுமலையிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது தூணில் ஆணி மட்டும் இருந்ததாம். விழுந்து உடைந்துவிட்டது என்று சோலை சொல்லியிருக்கிறார். கீழே ஒரு கண்ணாடித் துண்டுகூட இல்லையே என்று சந்தேகப்பட்டு அழகுராஜாவைப் பிடித்து விசாரித்து இங்கே வந்திருக்கிறாள்.

அவள் கேட்ட முதல் கேள்வி, எடுக்கும்போது இடது ஊசி எதில் நின்றது என்பது. அவன் சொன்னான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரூபினா டீ போட்டு அனுப்பியிருந்தாள். அதைக் குடிக்காமலே முத்துத்தாய் சொல்ல ஆரம்பித்தாள். சோலைக்குத் தம்பி ஒருவன் இருந்தான், சிவனாண்டி. அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் சின்னப் பிள்ளை, தாயில்லாதவன். அவள்தான் வளர்த்தாள். பிளஸ் டூ வரை படித்தான். தூணில் கிடந்த தெர்மாமீட்டரைத் துடைத்து, அதைப் பார்க்கும் விதத்தை அவளுக்கும் காட்டிக்கொடுத்தவன் அவன்தான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வைகாசி மாதம் உச்சிவேளையில் தண்ணீர் பாய்ச்சப் போனவன் திரும்பவில்லை. தேடிப் போனபோது அகத்தி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் இருந்தான். உயிர் இல்லை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி உடம்பெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. தூக்க வந்தவர்கள் வேர்த்து வழிய நின்றார்கள். டாக்டர்கள் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அன்றைக்கு அவள் தற்செயலாகத் தூணைப் பார்த்தாள். இடது ஊசி முப்பத்திரண்டுக்கு ஏறியிருந்தது. தண்ணீர் உறைகிற இடம் அது.

அதிலிருந்து அவள் அந்த ஊசியைக் கவனிக்க ஆரம்பித்தாள். பல மாதம் சும்மா இருக்கும். திடீரென்று ஒரு நாள் மத்தியானத்தில் கொஞ்சம் ஏறும். மறுநாள் இன்னும் கொஞ்சம். அப்படி ஏற ஆரம்பித்தால் ஏதாவது சாக்குச் சொல்லி அவள் உச்சிவேளையில் புருஷனையோ கூலி ஆட்களையோ உள்ளே விடமாட்டாள். தானாக அது அடங்கிவிடும். இதுவரை ஐம்பதைத் தாண்டி அவள் விட்டதில்லை.

“அது என்னன்னு எனக்குத் தெரியாது தம்பி” என்றாள். “குளிரு. அம்புட்டுதான் தெரியும்.”

ஜுல்பிகர், சோலை பயத்தில்தான் இதை விற்றிருப்பார், கண்ணில் படாமல் இருந்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருப்பார் என்றான். முத்துத்தாய் இல்லை என்று தலையை ஆட்டினாள். சாவதற்கு முந்தின வாரம் முழுக்கச் சிவனாண்டி தோட்டத்துக்கு இரண்டு ஆள் சோறு கேட்டு வாங்கிக்கொண்டு போனானாம். வயசுப் பிள்ளை, பசி என்று அவளும் கட்டிக் கொடுத்தாள். யாரோடு சாப்பிட்டான் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

“நேத்து இவரும் ரெண்டு ஆள் சோறு கட்டச் சொன்னாரு” என்றாள்.

ஜுல்பிகர் அதற்கு மேல் உட்காரவில்லை. சுவரிலிருந்து தெர்மாமீட்டரை இறக்கி அவள் கையில் கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்தினான். கோச்சடை தாண்டும்போதே வெயில் உக்கிரமாகியிருந்தது. வேனில் ஏசி கிடையாது. மடியில் பலகையை வைத்துக்கொண்டு முத்துத்தாய் காந்தத்தால் ஊசிகளை இறக்கினாள். வழியெல்லாம் சோலைக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். மணி அடித்து அடித்து நின்றது.

வீடு பூட்டியிருந்தது. அடுக்களைத் திண்டில் அவள் காலையில் கட்டி வைத்த தூக்குச்சட்டிகள் இரண்டையும் காணவில்லை என்று ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னாள். இருவரும் கொடிக்காலுக்கு ஓடினார்கள். வாசலில் சோலையின் செருப்பு கிடந்தது.

உள்ளே நுழைந்து கொஞ்ச தூரம் வரை ஒன்றுமில்லை. வெற்றிலை வாசமும் சேற்று வாசமும்தான். முத்துத்தாய் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். “இந்தாங்க, எங்க இருக்கீக” என்று குரல் கொடுத்துப் பார்த்தாள். கொடிகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தன. எந்த வாய்க்காலில் போவது என்று புரியவில்லை. அவள் பலகையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டடி வலப்பக்கம் போனாள், சிறிது நேரம் பொறுத்தாள், திரும்பி வந்து இடப்பக்கம் போனாள். இடது குழாயில் பாதரசம் ஊசியை மெல்ல மேலே தள்ளியது.

“இந்தப் பக்கம்” என்றாள்.

அவளுக்குப் பின்னால் நடந்த ஜுல்பிகருக்கு முதலில் கழுத்து வேர்வை ஜில்லிட்டது. பிறகு பாதங்கள். காற்று துளிகூட இல்லை. தலைக்கு மேலே ஏதோ மாறியிருப்பது போல் தோன்றி அண்ணாந்து பார்த்தான். அகத்தி இலைகள், சாயங்காலம் பொழுது விழுந்த பிறகு மடங்குகிற மாதிரி, ஜோடி ஜோடியாக மடங்கிக் கொண்டிருந்தன. மேலே சூரியன் உச்சியில் நின்றது. முன்னால் போன முத்துத்தாயின் வாயிலிருந்து புகை வந்தது. அவன் மூச்சும் புகைந்தது. மதுரையில் பிறந்து வளர்ந்த அவன் தன் மூச்சைத் தானே பார்த்தது அதுதான் முதல் தடவை.

பேச்சுக் குரல் கேட்டது.

சோலை ஒரு அகத்தி மரத்தில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் நல்ல சிரிப்பு. உதடு கறுத்திருந்தது. புருவத்திலும் மீசையிலும் நீர் கோத்திருந்தது. பக்கத்தில் ஒரு தூக்குச்சட்டி காலியாக இருந்தது. எதிரே வைத்திருந்த இன்னொன்று திறந்து, தொடாமல் இருந்தது. சோற்றின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அது உறைபனி என்று ஜுல்பிகருக்கு உடனே புரியவில்லை.

“செவலைப் பசுவ வித்துட்டேன்டா” என்று சோலை எதிரே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு நிறுத்தினார். எதிராளி பேசுவதைக் கேட்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தலையை ஆட்டினார். “ஆமா, நல்ல எடந்தான். புல்லு கெடக்கு.”

எதிரே யாரும் இல்லை. ஆனால் வரப்பு மண் அந்த இடத்தில் ஓராள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. ஜுல்பிகர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அங்கே இருந்தது தன் பக்கம் திரும்பியதை உணர்ந்தான். எப்படி உணர்ந்தான் என்று அவனால் பிற்பாடு ரூபினாவுக்குக்கூட விளக்க முடியவில்லை. அடுப்பின் மூடியைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்குமே, அதே மாதிரி குளிர் அடித்தது என்றான். கலிமாவைச் சொல்ல வாயெடுத்தான். பல் கிட்டித்து வார்த்தை வரவில்லை.

முத்துத்தாய் புருஷனைக் கூப்பிடவில்லை. அமுங்கியிருந்த இடத்துக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றாள்.

“அய்யா சிவனாண்டி” என்றாள். “ஒனக்குச் சோறு ஊட்டி வளத்தவ நான். உங்கண்ணன எனக்கு விட்டுரு.”

ஒன்றும் நடக்கவில்லை. குளிர் அப்படியே நின்றது. அவள் இன்னொரு தடவை சொல்லவும் இல்லை. பலகையைக் கீழே போட்டுவிட்டுச் சோலையின் கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தாள். ஜுல்பிகர் மறுபக்கம் பிடித்தான். சட்டை விறைத்து, பிடித்த கை எரிந்தது. சோலை எழுந்திருக்க மறுத்தார். அவ்வளவு வலு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் இரேன், அவன் இன்னும் சாப்பிடவில்லை என்று மனைவியிடம் கெஞ்சினார். இழுத்த இழுப்பில் ஜுல்பிகரின் கால் பலகையின் மேல் பட்டுக் கண்ணாடி நொறுங்கியது. பாதரசம் உருண்டைகளாக ஓடி வாய்க்கால் சேற்றில் மறைந்தது. அவன் நிற்கவில்லை. இருவருமாக அவரைத் தரதரவென்று வெயிலுக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள்.

கொதிக்கிற மண்ணில் கிடந்து சோலை நடுங்கினார். பிறகு அழுதார். அடி வாங்கின பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்.

“நான் பயந்துக்கிட்டு விக்கல பாய்” என்றார் கடைசியில். “அவன் வாரது இவளுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் வித்தேன். மூணு வருசமா வந்து வந்து போயிருக்கான். இவ என்னைய உள்ளயே விடல.”

முத்துத்தாய் அவர் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, பேட்டரி போய்விட்டது என்று வேறொன்று கொண்டு வந்தாள். அதிலும் எண் வரவில்லை. வெப்பம் அளவுக்குக் கீழே இருந்தால் வருகிற எழுத்துதான் வந்தது. வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. உடம்பு இப்படிக் குளிர்ந்து கிடக்கிறதே, கிணற்றில் விழுந்தாரா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள் முத்துத்தாய். கம்பளி போர்த்தி, வெந்நீர்ப் பைகள் வைத்து, சோலை பிழைத்துக்கொண்டார். இடது கையில் இரண்டு விரல்களுக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே முத்துத்தாய் ஆள் விட்டுக் கொடிக்காலை அழித்தாள். கொடிகளை அறுத்து, அகத்தி மரங்களைத் தூரோடு வெட்டி, தூணையும் சாய்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்த சோலை வெட்டவெளியாகக் கிடந்த நிலத்தைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. அன்றிலிருந்து அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மழைக்காலம் முடிந்து ஜுல்பிகர் அவர்களைப் பார்க்கப் போனான். உடைந்த பலகையை எடுத்து வரலாம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். நிலத்தில் வாழைக் கன்று வைத்திருந்தார்கள். கன்றுகள் முழங்கால் உயரம்தான் இருந்தன. எங்கே பார்த்தாலும் வெயில். சோலை அவனை மரியாதையாக விசாரித்தார், இளநீர் வெட்டிக் கொடுத்தார். வேன் வரைக்கும் கூட வந்தவர் தயங்கி நின்று, மெதுவான குரலில் கேட்டார்.

“மரம் இல்லாட்டி அவன் எங்க வந்து உக்காருவான் பாய்?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை; திரும்பி நிலத்துக்குள் போய்விட்டார்.

முத்துத்தாய் சாப்பாட்டோடு வாசலில் நின்றிருந்தாள். இன்னும் பேச ஆரம்பிக்கவில்லையா என்று அவன் கேட்டான்.

“பேசாட்டிப் போகட்டும் தம்பி” என்றாள். “உசுரோட இருக்காருல்ல.”

தூரத்தில் சோலை வரப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓராள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார். ஜுல்பிகர் அதைப் பார்த்தான். முத்துத்தாயும் பார்த்தாள். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கன்றுகளுக்கு நடுவே நடந்து போய், அவர் விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தாள். சோலை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.